குழந்தை வண்டி: முகம் நம்மைப் பார்த்தா, ரோட்டைப் பார்த்தா?

சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் ஓசூர் அடுக்ககங்களின் கீழே போய் நின்று பார்த்தால் தெரியும், எத்தனை குழந்தை வண்டிகள் வந்துவிட்டன என்று. கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும்கூட இப்போது வளைகாப்பு முடிந்த கையோடு ‘ஸ்ட்ரோலர் எது வாங்கலாம்’ என்ற பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. விலை என்ன, மடக்கினால் கார் டிக்கியில் அடங்குமா, துணியைக் கழற்றித் துவைக்கலாமா என்று எல்லாம் விசாரிக்கிறோம். குழந்தை எந்தப் பக்கம் பார்த்து உட்காரும் என்பதை மட்டும் பில் போடும் நேரத்தில்தான் யோசிக்கிறோம். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான்.

தம்பி மனைவி போன வாரம் போன் செய்து, “அண்ணி, முகம் பார்க்கிற மாதிரி வாங்கட்டுமா, முன்னாடி பார்க்கிற மாதிரி வாங்கட்டுமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முதல் வருடம் முழுக்க, முடிந்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் சேர்த்து, குழந்தை தள்ளுகிறவர் முகத்தைப் பார்த்தே போகட்டும். அப்புறம் ரோட்டுப் பக்கம் திருப்பலாம். அப்படியானால் இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய வண்டிதானே வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆமாம். ஆனால் நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் பாதிக்கு மேல் சக்கரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம்.

முன்பக்கம் பார்க்கும் வண்டிதான் ‘சாதாரண’ வண்டி, முகம் பார்ப்பது ஏதோ கூடுதல் வசதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. தொட்டில் மாதிரி படுக்க வைத்துத் தள்ளும் பழைய பிராம் வண்டிகளில் குழந்தையின் முகம் அம்மாவைப் பார்த்துத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் திருப்பும்படியான வண்டிக்கு அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் 1889-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1965-ல்தான் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர், குடை மாதிரி மடங்கும் லேசான அலுமினிய வண்டியை வடிவமைத்தார். இவர் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்தவர்களில் ஒருவர். மூன்று கிலோகூட இல்லாத வண்டி. பஸ்ஸில் ஏற்றலாம், ஒரு கையில் தூக்கலாம். அந்த அமைப்பில் குழந்தை முன்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். அது உலகமெல்லாம் பரவியது. அதாவது, குழந்தைக்கு எது நல்லது என்று பார்த்து அந்தத் திசை வரவில்லை. மடக்கும் வசதியோடு சேர்ந்து வந்த திசை அது. கடைக்காரர் “எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க” என்று சொல்லும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பற்றி ஓரளவு பேசப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசேன் ஜீடிக் 2008-ல் வெளியிட்டது. பிரிட்டனின் பல ஊர்த் தெருக்களில் வண்டியில் போகும் 2,700-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் தள்ளுகிறவர்களையும் கவனித்துக் குறித்தார்கள். முகம் பார்க்கும் வண்டியைத் தள்ளுகிறவர்கள் குழந்தையிடம் சுமார் இரண்டு மடங்கு அதிகம் பேசினார்கள். அதோடு சிறிய சோதனை ஒன்றும் நடந்தது. 20 தாய்மார், 9 மாதம் முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகள். ஒரே குழந்தையைப் பாதி தூரம் ஒரு பக்கம் பார்த்தும் மீதி தூரம் மறுபக்கம் பார்த்தும் தள்ளினார்கள். முகம் பார்த்துப் போனபோது பாதிக் குழந்தைகள் சிரித்தன. முன்பக்கம் பார்த்துப் போனபோது சிரித்தது ஒரே ஒரு குழந்தை. இதயத் துடிப்பும் முகம் பார்த்துப் போனபோது கொஞ்சம் குறைவாக இருந்தது, தூங்கிப்போகும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது.

இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. முன்பக்கம் பார்த்து வளர்ந்த குழந்தை பின்னால் பேச்சில் பின்தங்கும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, அப்படி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். தெருவில் கவனிக்கப்பட்டவர்களில் எப்படியும் பேசுகிற சுபாவமுள்ள அம்மாக்கள் முகம் பார்க்கும் வண்டியைத் தேடி வாங்கியிருக்கவும் கூடும். இன்னொன்று, அங்கே கடைக்கும் பள்ளிக்கும் நடந்தே போகிறார்கள், குழந்தை வண்டியிலேயே நீண்ட நேரம் இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தை பாதி நாள் தாத்தா தோளிலும் பக்கத்து வீட்டு அக்கா இடுப்பிலும்தான் இருக்கிறது. பேச ஆள் இல்லாமல் எந்தக் குழந்தையும் இங்கே தவிப்பதில்லை. அதனால் ‘பேச்சு வளர்ச்சி’ என்ற ஒரே காரணத்துக்காக நான் முகம் பார்க்கும் வண்டியைப் பரிந்துரைக்கவில்லை.

என் காரணங்கள் நம் தெருவிலிருந்து வருகின்றன. முதல் காரணம் நாய்.

1985-ல் வெளியான பிரபலமான ஆய்வு ஒன்றில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசைமேல் தவழவிட்டார்கள். நடுவில் ஒரு பள்ளம் இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும், மேலே உறுதியான கண்ணாடி இருக்கும். அந்தப் பக்கம் அம்மா நிற்பார். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 தாண்டிப் போய்விட்டன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூடத் தாண்டவில்லை. அம்மா வாயே திறக்கவில்லை, முகம் மட்டும்தான். இது பயமா, பயமில்லையா என்று குழந்தைக்குச் சந்தேகம் வந்தால் அது தேடுவது நம் முகத்தை.

இப்போது தர்மபுரி குமாரசாமிப்பேட்டைத் தெரு ஒன்றில் சாயந்திரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். நாய் குரைக்கிறது. பின்னால் வந்த டவுன் பஸ் ஏர் ஹாரனை அழுத்துகிறது. கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்கிறது. கொஞ்ச தூரம் போனால் தெரிந்தவர் ஒருவர் குனிந்து, கன்னத்தைக் கிள்ளி, “அடடா, யாரு இது!” என்கிறார். எட்டு ஒன்பது மாதத்தில் புது முகத்தைக் கண்டால் உதட்டைப் பிதுக்கும் பருவம் வேறு. முகம் பார்த்து உட்கார்ந்திருந்தால் குழந்தை உடனே நம்மைப் பார்க்கும். நாம் சிரித்துத் தலையாட்டினால் அதற்குப் போதும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது தேடும் முகம் பின்னால் இருக்கிறது, பெல்ட் போட்டிருப்பதால் திரும்பவும் முடியாது. பல குழந்தைகள் ‘வண்டியே பிடிக்கலை’ என்று அழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம், நம் கண். பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், ரோட்டைப் பார்த்து உட்கார வைத்தால் அது எதையும் பெரிதாக ரசிக்கப்போவதில்லை. ஆனால் நாம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து நிற்காத மாதங்களில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கும். இது சத்தம் போடாமல் நடக்கும். முன்பக்கம் பார்க்கும் வண்டியில் மேல்கூரையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருப்பார்கள், அதன் வழியாகத் தலை உச்சி தெரியும், வாயும் மூக்கும் தெரியாது. ஆறு மாதம் வரை சீட் முழுக்கப் படுக்கும் நிலைக்கு வருகிற வண்டிதான் வேண்டும், முகமும் நம் பக்கம் இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டியில் தூங்கிவிட்டால் வீட்டுக்கு வந்ததும் தூக்கிச் சமமான படுக்கையில் போட்டுவிட வேண்டும், அப்படியே வண்டியில் விட்டு வேலை பார்க்கப் போகக் கூடாது.

ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற நாளில் இதன் அருமை நன்றாகவே தெரியும். ஊசி போட்டுத் திரும்பும்போது குழந்தை சிணுங்குகிறதா, வலியில் வீரிடுகிறதா, அசந்து தூங்குகிறதா என்று ஒவ்வொரு இருபது அடிக்கும் நின்று, சுற்றி முன்னால் வந்து, குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் புகையும் தூசியும். இதில் திசையைவிட உயரம்தான் முக்கியம். பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான குழு 2018-ல் எழுதிய கட்டுரையில், வண்டியில் போகும் குழந்தை தரையிலிருந்து சுமார் 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் மூச்சு விடுகிறது, வாகனப் புகைக்குழாய்களும் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கின்றன, அதனால் பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிக மாசை அது சுவாசிக்க நேரலாம் என்றார்கள். கிருஷ்ணகிரியில் பெங்களூரு, சென்னை, சேலம் என மூன்று பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலைகளும் வந்து கூடுகின்றன, லாரி ஓயாத ஊர். ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் எந்த வண்டியிலும் எந்தத் திசையிலும் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள். மற்ற இடங்களில் சீட் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. மடங்கும் சின்ன வண்டிகளின் சீட் மிகவும் தாழ்வு. முகம் பார்க்கும் வண்டிகளின் சீட் பொதுவாகக் கொஞ்சம் உயரம், தவிர எதிர்க்காற்றில் வரும் மண் நேராகக் கண்ணில் விழாது.

வெயிலிலும் அப்படித்தான். மேற்கே பார்த்து நடக்கும்போது முன்பக்கம் பார்க்கும் குழந்தை கண்ணைச் சுருக்குவது நமக்குத் தெரியவே தெரியாது. ஏப்ரல், மே மாத வெயிலுக்குப் பயந்து வண்டிமேல் துப்பட்டாவையோ டவலையோ முழுக்கப் போர்த்திவிடுகிறார்கள் சிலர். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும், மெல்லிய துணியாக இருந்தாலும். கூரையை இழுத்துவிட்டு, நிழல் பக்கம் நடப்பதுதான் சரி. அதற்கும் மேல் வெயில் என்றால் வெளியே போகும் நேரத்தையே மாற்ற வேண்டியதுதான்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் பின்னர் எதற்கு ரோட்டுப் பக்கம் திருப்ப வேண்டும்? ஏனென்றால் குழந்தை கேட்கும். ஒரு வயதை ஒட்டி ஆள்காட்டி விரல் நீள ஆரம்பிக்கும். கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் தண்ணீரைக் காட்டும், மாம்பழ சீசனில் வண்டி வண்டியாகப் போவதைக் காட்டும், பசு மாட்டைக் காட்டி ‘ம்மா’ என்னும். முகம் பார்த்து உட்கார்ந்த குழந்தைக்கு எல்லாமே கடந்து போன பிறகுதான் தெரியும். நாம் “அங்க பாரு, மயில்!” என்று சொல்லி அது கழுத்தைத் திருப்புவதற்குள் மயில் நம் முதுகுப் பக்கம் போய்விட்டிருக்கும். உட்காராமல் எக்கி எக்கித் திரும்புகிறது, பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறது என்றால் அதுதான் அடையாளம், அப்போது திருப்பிவிடலாம். சில குழந்தைகளுக்குப் பத்து மாதத்திலேயே அது வந்துவிடும். சிலதுக்கு ஒன்றரை வயதுக்கும் அம்மா முகம்தான் வேண்டும், அதிலும் தப்பில்லை. திருப்பிய பிறகு ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது எதையாவது காட்டும்போது வண்டியை நிறுத்தி, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது பார்ப்பதை அதன் உயரத்திலிருந்து நீங்களும் பாருங்கள். பின்னால் நின்றுகொண்டு “ஆமா ஆமா” என்பது அதற்குப் போய்ச் சேராது.

இனி சக்கர விவகாரம். கடையிலும் ஆன்லைனிலும் நாலாயிரம், ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்கு ‘ரிவர்சிபிள்’ என்று வருபவற்றில் பெரும்பாலும் திரும்புவது சீட் அல்ல, கைப்பிடி. இரண்டு பக்கமும் உள்ள பூட்டை மேலே இழுத்து, கைப்பிடியைக் குழந்தையின் தலைக்கு மேலாகக் கால் பக்கம் சாய்த்து மாட்டினால் முகம் நம் பக்கம் வந்துவிடும். பத்து வினாடி வேலை. ஆனால் சீட்டும் சக்கரமும் அப்படியேதான் இருக்கின்றன. வழக்கமாக முன்னால் இருந்து எல்லாப் பக்கமும் சுழலும் சின்னச் சக்கரங்கள் இப்போது நம் காலடியில். திரும்பாத பின்சக்கரங்கள் இப்போது முன்னால். தெரு முனையில் திருப்பும்போது வண்டியின் முன்பகுதி திரும்பாது, நாம்தான் பக்கவாட்டில் சுற்றி நடந்து வாலைத் திருப்புவது போலத் திருப்ப வேண்டும். பிரேக் மிதியும் அந்தக் கோடியில் இருக்கும், பிரேக் போட வேண்டுமென்றால் சுற்றிப் போக வேண்டும். கிருஷ்ணகிரி மலையடிவாரப் பக்கம் போலச் சரிவான தெருவில் கையை விட்டுவிட்டுச் சுற்றிப் போகவே கூடாது. அடுத்தது வேகத்தடையும் வாசல் படியும். சாதாரணமாகக் கைப்பிடியை லேசாக அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும். கைப்பிடியைத் திருப்பிய வண்டியில் குழந்தையின் தலையும் உடம்பும், அதாவது கனமான பாகம், அந்தக் கோடியில் இருப்பதால் அழுத்தினாலும் எழும்பாது. வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்து ஏற்றுவதுதான் வழி.

இதனால் அந்த வகை வண்டி வேண்டாம் என்றில்லை. நான்கு சக்கரமும் சுழலும்படியும், நான்கிலும் தனித்தனிப் பூட்டு இருக்கும்படியும் சில மாடல்கள் வருகின்றன. அவற்றில் நம் பக்கத்துச் சக்கரத்தைப் பூட்டி, அந்தப் பக்கத்தைச் சுழல விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இந்த விலையில் வாங்குவதென்றால் இதைத்தான் தேட வேண்டும்.

சீட்டையே கழற்றித் திருப்பி மாட்டும் வண்டி நிஜமாகவே நல்லது. சக்கரம், பிரேக் எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். விலை பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும், எடையும் அதிகம், சிலவற்றைச் சீட்டைத் தனியாக எடுத்த பிறகுதான் மடக்க முடியும். லிஃப்ட் உள்ள அடுக்ககம், உள்ளேயே தார் போட்ட பாதை என்றிருக்கிற ஓசூர்க் குடும்பத்துக்கு அது பொருந்தும். மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் பத்துக் கிலோ வண்டி என்பது நடக்காத காரியம், அது கீழேயே தூசி படிந்து நின்றுவிடும்.

முன்பக்கம் மட்டும் பார்க்கும் லேசான வண்டிக்கும் இடம் உண்டு. அடிக்கடி ரயிலில் பெங்களூருவுக்கோ சேலத்துக்கோ போகிறவர்கள், ஒரு வயது தாண்டிய குழந்தை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐந்தாறு கிலோதான் இருக்கும். ஆனால் கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள், குழந்தையைத் தூக்கிய மறு நொடி வண்டி பின்னால் சாய்ந்துவிடும். குழந்தை உள்ளே இருக்கும்போதே சாய்ந்த கதையும் உண்டு.

வாங்கும் முன்பு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும், வண்டியைத் தள்ளப்போவது யார்? என் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது, “பிள்ளையைத் தூக்கறதுக்கு ஆளா இல்ல இந்த வீட்ல?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சாக்கடைமேல் போட்ட பலகைக் கல், பாதி தோண்டிய ரோடு, நடைபாதையில் நிற்கும் பைக்குகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இடுப்பில் தூக்குவதைப் போலச் சுலபம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்பது கிலோ குழந்தையை மூட்டு வலியோடு அரை மணி நேரம் தூக்கி நடக்க அம்மாவால் முடியாது, அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பாட்டிதான் தள்ளப்போகிறார் என்றால் முகம் பார்க்கும் வண்டி இன்னும் பொருத்தம். அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே போவார், குழந்தையும் வாய் பார்த்துக்கொண்டே வரும். கடைக்கு அவரையும் கூட்டிப்போய்த் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியைத் திருப்பினால் அதன் உயரம் மாறும், குனிந்து தள்ளும்படி இருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். கடையின் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும், வாசலுக்கு வெளியே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். விட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். அரிசிப் பை மாதிரி ஏழெட்டுக் கிலோ எடையை வைத்து, இரண்டு திசையிலும் ஒரு திருப்பம், ஒரு படி, ஒரு பிரேக் பார்த்துவிட்டால் போதும். பெல்ட் தோள், இடுப்பு, கால் இடுக்கு என ஐந்து முனையிலும் மாட்டுவதாக இருக்க வேண்டும்.

அக்கா பிள்ளைக்கு வாங்கியது, மாமா வீட்டில் சும்மா கிடக்கிறது என்று முன்பக்கம் பார்க்கும் பழைய வண்டி கையில் வந்திருந்தால் அதற்காக இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. பிரேக்கும் பெல்ட்டும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து, துடைத்து, பரண்மேல் வையுங்கள். ஒரு வயது வரை தோளிலும் இடுப்பிலும் போகட்டும், மாடு காட்டி விரல் நீட்ட ஆரம்பித்ததும் கீழே இறக்கினால் போதும். தம்பி வீட்டிலும் கடைசியில் இதைத்தான் செய்யப்போகிறார்கள், ஓசூரிலிருக்கும் அவர்கள் சித்தப்பா மகள் தன் வண்டியைத் தருவதாகச் சொல்லிவிட்டாள்.